காய்ந்தால்தான் குடிக்கும்: பாகில் ஊறும் ஈஸ்ட் கேக்கைப் புரிந்துகொள்வோம்

"பாகை ஊற்றினேன். வெளியே கூழாகிவிட்டது, நடுவில் வெட்டினால் காய்ந்த ரொட்டி." பாபா கேக்கை முதல்முறை வீட்டில் செய்கிறவர்கள் பலரும் சொல்வது இதுதான். நானும் முதல் தடவை இதே நிலையில் நின்றேன். அப்போதுதான் அவனிலிருந்து எடுத்த கேக்கின் மேல் கொதிக்கும் பாகைக் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். ஐந்து நிமிடத்தில் ஓரங்கள் சரிந்து தட்டோடு ஒட்டிக்கொண்டன. நடுப்பகுதியில் ஒரு சொட்டுப் பாகுகூட இல்லை.

யாரைக் கேட்டாலும் மூன்று யோசனைகள்தான் கிடைத்தன: கேக்கை இன்னும் மிருதுவாகச் செய், பாகை இன்னும் கெட்டியாகக் காய்ச்சு, சூடு ஆறுவதற்குள் ஊற்று. மூன்றும் நேர்மாறானவை. இந்தக் கேக்குக்கு வேண்டியது நன்றாகப் பிசைந்து வலுவாக்கிய மாவு, நீர்த்த பாகு, ஆறிக் காய்ந்த கேக். ஏன் என்பது பிடிபட்டுவிட்டால், எந்தச் செய்முறையை எடுத்தாலும் எங்கே கவனம் வைக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

## பெயர் கேக், பிறப்பு ரொட்டி

பாபா என்பது ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவில் செய்து, சுட்ட பிறகு சர்க்கரைப் பாகில் ஊறவைக்கும் இனிப்பு. முட்டையும் வெண்ணெயும் தாராளமாக இருக்கும். சர்க்கரை மிகக் குறைவு. போலந்து மொழியில் 'பாபா' என்றால் கிழவி. உயரமாக, மடிப்பு மடிப்பாக இருக்கும் ஒரு பழைய ஈஸ்ட் கேக்குக்கு அங்கே அந்தப் பெயர் உண்டு.

அரியணை இழந்த போலந்து அரசர் ஸ்டானிஸ்வாஃப் லெஷ்சின்ஸ்கி பிரான்ஸில் வாழ்ந்த காலத்தில், காய்ந்துபோன கேக்கைச் சாப்பிட முடியாமல் இனிப்பு ஒயினில் நனைத்துத் தரச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. அவருடைய மகள் மரி 1725-இல் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியை மணந்தபோது, அரண்மனை இனிப்புக் கலைஞர் நிக்கோலா ஸ்தோரெரும் உடன் வெர்சாய் சென்றார். 1730-இல் பாரிஸின் மோந்தோர்கெய் தெருவில் கடை திறந்தார். ரம் சேர்க்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. அதே நூற்றாண்டின் நடுப்பகுதியில், உலர்திராட்சை இல்லாமல் வளைய அச்சில் சுட்ட ஒரு வகைக்கு, உணவைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற பிரியா சவாரினின் நினைவாக 'சவாரின்' என்று பெயர் வைத்தார்கள். நேப்பிள்ஸ் நகரமோ காளான் வடிவத்தில் சுட்டு, இதைத் தன் சொந்தப் பண்டமாகவே ஆக்கிக்கொண்டது.

அரசர் கதை உண்மையோ இல்லையோ, அதில் ஒரு விவரம் மிகச் சரி: நனைக்கப்பட்டது காய்ந்த கேக்.

## பாத்திரம் தேய்க்கும் பஞ்சு

சமையலறையில் இருக்கும் பஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். அது எதனால் தண்ணீரைக் குடிக்கிறது? உள்ளே ஆயிரக்கணக்கான ஓட்டைகள் இருக்கின்றன, அவை ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. ஓட்டையின் சுவர்கள் நனைந்தாலும் கரைவதில்லை. ஏற்கெனவே நீர் நிறைந்த பஞ்சு ஒரு சொட்டும் எடுக்காது. பிழிந்த பஞ்சு எடுக்கும்.

இப்போது ஒரு கைப்பிடி மணலைச் சுருட்டி உருண்டையாக்கி அதன்மேல் தண்ணீர் ஊற்றுங்கள். மணலும் நீரை உறிஞ்சும், ஆனால் உருண்டை நிற்காது. துகள்களைப் பிடித்துவைக்க அங்கே எதுவும் இல்லை.

பேக்கிங் பவுடர் போட்டுச் செய்யும் சாதாரண கேக், மணல் பக்கம் சாய்ந்தது. அதில் சர்க்கரையும் கொழுப்பும் நிறைய. மாவைப் பிசையாமல் மெல்லக் கலக்குகிறோம். வாயில் வைத்ததும் உதிர வேண்டும் என்பதே அதன் நோக்கம். கொஞ்சம் பாகு தடவினால் தாங்கும், முக்கி எடுத்தால் குழைந்துவிடும். பாபா பஞ்சின் பக்கம். தன் எடையைவிட அதிகமான பாகைக் குடித்துவிட்டு, வடிவம் கெடாமல் தட்டில் நிற்க வேண்டும். அதற்கான சுவரைத்தான் நாம் முதலில் கட்டுகிறோம்.

## சுவர் எங்கிருந்து வருகிறது?

கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது, அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இழுபடும் வலையாகின்றன. அந்த வலையின் பெயர் குளூட்டன். பிசையப் பிசைய வலை நெருக்கமாகும், வலுவாகும்.

ஆகவே மாவு வாங்கும்போது உறையைத் திருப்பிப் பாருங்கள். 100 கிராமுக்குப் புரதம் 11 முதல் 13 கிராம் வரை இருந்தால் நல்லது. ரொட்டி மாவு என்று விற்பது பெரும்பாலும் இந்த வகை. கேக் மாவில் 7 முதல் 9 கிராம்தான் இருக்கும், அது இந்த வேலைக்கு ஆகாது.

பாபா மாவு மிகவும் தளர்வானது. 250 கிராம் மாவுக்கு 4 முட்டை, 50 மில்லி பால், 80 கிராம் வெண்ணெய், 15 கிராம் சர்க்கரை, 5 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்று எடுத்தால், சப்பாத்தி மாவுபோல உருட்ட வராது. கையில் பசைபோல் ஒட்டும். இங்கேதான் பலரும் பயந்து இன்னும் ஒரு கை மாவைச் சேர்த்துவிடுகிறார்கள். சேர்க்காதீர்கள். மாவைக் கூட்டினால் ஓட்டைகள் சின்னதாகி, கேக் இறுகிவிடும்; பிறகு பாகு நுழைய வழி இருக்காது. மெஷினில் 10 முதல் 15 நிமிடம் பிசைந்தால் அதே பசை மெல்ல மெல்லப் பளபளப்பாகி, கிண்ணத்தின் பக்கங்களை விட்டுக் கொக்கியில் திரண்டு வரும். கையால் என்றால், மாவைத் தூக்கி நீட்டி மேடையில் அறைந்து மடித்து, மீண்டும் தூக்க வேண்டும். கை வலிக்கும், வேறு வழி இல்லை.

போதுமா என்று அறிய எளிய சோதனை இருக்கிறது. ஈரக் கையால் சிறு துண்டு மாவை எடுத்து நான்கு விரல்களால் மெல்ல விரியுங்கள். கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிய தோலாக விரிந்தால் வலை தயார்.

வெண்ணெயைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். கொழுப்பு புரதங்களைச் சுற்றிப் பூசிக்கொண்டால் அவை ஒன்றையொன்று பிடிப்பது கடினமாகும். வலை பின்னி முடிந்த பிறகு மெத்தென்ற வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால், வலையைக் கெடுக்காமல் அதன் ஊடே பரவும். வெண்ணெய் விழுந்ததும் மாவு பிரிந்து தளர்ந்ததுபோல் தெரியும். தொடர்ந்து பிசையுங்கள், திரும்பச் சேர்ந்துவிடும்.

## வலைக்குள் காற்று

ஈஸ்ட் என்பது உயிருள்ள நுண்ணுயிர். மாவிலிருக்கும் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்ஸைடையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் வெளியிடுகிறது. இந்தச் செயலுக்கு நொதித்தல் என்று பெயர். வெளிவரும் வாயு குளூட்டன் வலைக்குள் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியையும் சிறு பலூனாக ஊதுகிறது. வலை வலுவாக இருந்தால் பலூன் பெரிதாகும், இல்லையென்றால் வெடித்துவிடும்.

'இனிப்புப் பண்டம்தானே, மாவிலேயே இன்னும் சர்க்கரை போட்டால் என்ன' என்ற கேள்வி அடிக்கடி வரும். சர்க்கரை தன்னைச் சுற்றியுள்ள நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் ஈஸ்ட்டின் செல்லுக்குள் இருக்கும் நீரும் வெளியே இழுக்கப்படும். ஈஸ்ட் சோர்ந்துபோகும், மாவு பொங்கத் தாமதமாகும். இனிப்பை எப்படியும் பாகு கொண்டுவரப் போகிறது. மாவின் வேலை வீடு கட்டுவது மட்டுமே.

26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுமார் ஒரு மணி நேரத்தில் மாவு இரட்டிப்பாகும். அவசரப்பட்டு அதைவிடச் சூடான இடத்தில் வைத்தால் வெண்ணெய் உருகி வெளியே கசியத் தொடங்கும். பொங்கிய மாவை வெண்ணெய் தடவிய சின்ன அச்சுகளில் ஒவ்வொன்றுக்கும் 45 கிராம் வீதம், பாதி உயரத்துக்குமேல் போகாமல் நிரப்புங்கள். மேலே சொன்ன அளவுக்குச் சுமார் 13 வரும். மாவு அச்சின் விளிம்பைத் தொடும்வரை மறுபடி காத்திருக்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: புரதம் மிகுந்த மாவு வலையைத் தருகிறது. பிசைதல் அதை வலுவாக்குகிறது. ஈஸ்ட் அதை ஊதுகிறது. சர்க்கரையைக் குறைத்தது ஈஸ்ட்டுக்காக, வெண்ணெயைத் தாமதித்தது வலைக்காக.

## அவனுக்குள்

180 டிகிரியில் சின்ன பாபாக்களுக்கு 20 முதல் 25 நிமிடம். உள்ளே வெப்பம் 60 டிகிரியை நெருங்கும்போது ஈஸ்ட் இறந்துவிடும். அதையொட்டி முட்டையின் புரதம் இறுகும். மாவிலிருக்கும் ஸ்டார்ச் நீரைக் குடித்து வீங்கிக் கெட்டியாகும். பலூன்கள் ஓட்டைகளாக நிலைத்துவிடும், அவற்றுக்கிடையே இருந்த மெல்லிய தோல்கள் பல இடங்களில் கிழிந்து ஓட்டைகள் ஒன்றோடொன்று இணையும். அந்த இணைப்புகள்தான் பாகு போகும் பாதை.

நிறம் நன்றாக ஏற விடுங்கள். வெளுத்த தங்க நிறத்தில் எடுத்துவிடுகிறவர்கள் அதிகம். கருஞ்சிவப்பை நெருங்கும் பழுப்பு வேண்டும். பாகில் ஊறியதும் நிறமும் மணமும் நீர்த்துப்போகும், அதற்கும் சேர்த்து இப்போதே சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.

## ஏன் காய வேண்டும்?

இந்தக் கட்டுரையே இந்தப் பகுதிக்காகத்தான்.

அப்போதுதான் சுட்ட கேக்கை வெட்டினால் உள்ளே பசைபோல் ஒட்டும். ஸ்டார்ச் இன்னும் நீரைக் குடித்து வீங்கிய நிலையில், மென்மையாக இருக்கிறது. சுவர்கள் நிற்கின்றன, ஆனால் அழுத்தினால் நசுங்கும். இந்த நிலையில் சூடான பாகு பட்டால் வெளிச்சுவர் முதலில் குழையும். குழைந்த சுவர் ஓட்டைகளை மூடிவிடும். வாசல் அடைபட்ட பிறகு எவ்வளவு ஊற்றினாலும் பாகு நடுப்பகுதிக்குப் போகாது. என் முதல் பாபாவில் நடந்தது இதுவே.

ஆற ஆற ஸ்டார்ச் மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி அடுக்காக அமர்ந்து இறுகுகின்றன. நேற்றைய ரொட்டி இன்று விறைப்பாக இருப்பது இதனால்தான். ரொட்டிக்கு அது குறை. பாபாவுக்கு அதுவே பலம்: விறைத்த சுவர் நனைந்தாலும் உடனே சரிவதில்லை. கூடவே ஈரமும் வெளியேறுவதால், பிழிந்த பஞ்சைப் போல உள்ளே இடம் காலியாகிறது.

திரவம் அந்த இடத்துக்குள் எப்படிப் போகிறது? விளக்குத் திரியில் எண்ணெய் மேலேறுவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் தள்ளுவதில்லை. மெல்லிய இடுக்குகளின் சுவரை நனைக்கும் திரவம் தானாகவே உள்ளே ஏறிச் செல்லும். இதற்கு நுண்புழை நுழைவு என்று பெயர். காய்ந்த பாபா என்பது ஆயிரம் திரிகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு.

அச்சிலிருந்து எடுத்த கேக்குகளைக் கம்பித் தட்டில் பரப்பி, மூடாமல், குறைந்தது ஒரு இரவு விடுங்கள். இரண்டு நாள் என்றாலும் தப்பில்லை. அவசரம் என்றால் அச்சு இல்லாமல் 100 டிகிரி அவனில் அரை மணி நேரம் வைத்து, முழுக்க ஆறவிடலாம். விரலால் தட்டினால் லேசாகச் சத்தம் வர வேண்டும், அழுத்தினால் எளிதில் அமுங்கக் கூடாது. ஆனால் ரஸ்க் போல மொறுமொறுவென்று ஆகும்வரை போக வேண்டாம். எலும்பாகக் காய்ந்த பஞ்சின் மேல் முதல் சில சொட்டு நீர் உருண்டு ஓடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? மிகையாகக் காய்ந்த கேக்கும் அப்படித்தான் முரண்டு பிடிக்கும், விரிசலும் விடும்.

இந்த ஓர் இரவுக் காத்திருப்பைப் பல செய்முறைகள் "விரும்பினால்" என்று சொல்லிக் கடந்துபோகின்றன. அதில் எனக்கு உடன்பாடில்லை. வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

## பாகு கெட்டியாக இருக்கக் கூடாது

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 500 கிராம் சர்க்கரை. கரைந்து ஒரு கொதி வந்ததும் நிறுத்திவிடலாம். கம்பிப் பதமெல்லாம் இங்கே வேண்டாம். கையில் தொட்டால் லேசான பிசுபிசுப்பு, அவ்வளவே.

காரணம் பாகுநிலை. ஒரு திரவம் ஓட எவ்வளவு தயங்குகிறதோ அதன் அளவே பாகுநிலை. அறை வெப்பத்தில், எடையில் 30 விழுக்காடு சர்க்கரை உள்ள கரைசல் தண்ணீரைப் போல மூன்று மடங்கு தயங்கும். 50 விழுக்காடு என்றால் 15 மடங்கு. 60 விழுக்காட்டில் அது ஏறக்குறைய 58 மடங்கு. சர்க்கரை இரண்டு மடங்கானால் தயக்கம் இருபது மடங்காகிறது! மேலே சொன்ன பாகில் சர்க்கரை மூன்றில் ஒரு பங்கு. அதைச் சூடாக்கினால் இன்னும் இளகி, தண்ணீரைப் போல ஓடும்.

அப்படியானால் கொதிக்கும்போதே ஊற்றலாமே என்றால், கூடாது. கொதிநிலையில் இருக்கும் பாகு, இறுகிய ஸ்டார்ச்சை மறுபடி இளக்கிவிடும். நாம் ஓர் இரவு காத்திருந்து சேர்த்த உறுதி அங்கேயே போய்விடும். 50 முதல் 60 டிகிரி சரியான இடம்: பாகு ஓடும், சுவரும் நிற்கும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால், விரலை வைத்தால் ஓரிரு நொடிக்குமேல் தாங்காது என்ற சூடு.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் சீவல், வெனிலா ஆகியவற்றைக் கொதிக்கும்போதே போடலாம். ரம் சேர்ப்பதானால் அடுப்பை அணைத்து ஆறத் தொடங்கிய பிறகு. ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்கும், கொதிக்கும் பாகில் ஊற்றினால் மணம் ஆவியோடு போய்விடும். ரம் இல்லாமலும் இந்தக் கேக் முழுமையானதே. ஊறும் இயக்கத்துக்கும் ரம்முக்கும் சம்பந்தம் இல்லை. ஆரஞ்சுச் சாறோ கெட்டியான தேநீரோ அந்த இடத்தை நன்றாக நிரப்பும்.

மறுபடி ஒரு வரி: காய்ந்து ஆறிய கேக், இளஞ்சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான சூட்டில் நீர்த்த பாகு. ஒன்று ஆறியிருக்க வேண்டும், மற்றது சூடாக இருக்க வேண்டும்.

## ஊறும்போது பக்கத்திலேயே இருங்கள்

கரண்டியால் மேலே ஊற்றுவதைவிட முக்கி எடுப்பது நல்லது. மேலே ஊற்றும்போது பெரும்பகுதி பக்கவாட்டில் வழிந்துவிடும். அகலமான பாத்திரத்தில் பாகை ஊற்றி, பாபாக்களைத் தலைகீழாகப் போடுங்கள்.

முதலில் அவை கட்டையைப் போல மிதக்கும். சில நொடிகளில் ஓரத்திலிருந்து சின்னக் குமிழிகள் வரிசையாக எழும். உள்ளே இருந்த காற்று பாகுக்கு வழிவிட்டு வெளியேறுகிறது. குமிழி வந்துகொண்டிருக்கும்வரை கேக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று நிமிடத்தில் திருப்பிப் போடுங்கள், மறுபடி குமிழிகள் வரும். மெல்ல மெல்லக் கேக் தாழ்ந்து, மேற்புறம் மட்டும் தெரியும் அளவுக்கு அமிழும். அச்சுக்குள் அடங்கியிருந்த உருவம் கண்ணெதிரே பருத்துவிடும். இதைப் பார்ப்பதற்காகவே நான் பாத்திரத்தை விட்டு நகர்வதில்லை.

போதுமா என்று தெரிந்துகொள்ளக் கடிகாரத்தைவிட விரல் நம்பகமானது. நடுவில் மெல்ல அழுத்தினால் எங்கும் ஒரே மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். உள்ளே கொட்டைபோல ஒரு கடினம் தட்டுப்பட்டால் இன்னும் நேரம் தேவை. மெல்லிய குச்சியைச் செருகினால் தடையில்லாமல் போக வேண்டும். பெரிய வளைய சவாரினுக்கு, பாகை அடியில் ஊற்றி மேலேயும் ஊற்றி, பொறுமையாகப் பல சுற்றுகள் ஆகும்.

ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்தேன். ஓர் இரவு காய்ந்த ஒரு பாபா 36 கிராம். ஊறி, கம்பித் தட்டில் வடிந்த பிறகு 98 கிராம். அதாவது 62 கிராம் பாகு உள்ளே இருக்கிறது; அதில் சர்க்கரை மட்டும் ஏறக்குறைய 20 கிராம். மாவில் நாம் போட்ட சர்க்கரையோ ஒரு பாபாவுக்கு ஒரு கிராம் அளவுதான். மாவு ஏன் இனிக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நேரான கணக்கு எனக்குத் தெரியாது.

## எடுத்து வைத்தபின்

துளையிட்ட கரண்டியால் அடியிலிருந்து ஏந்தி எடுங்கள். இப்போது அது கனமானது, பக்கவாட்டில் பிடித்தால் பிளந்துவிடும். கம்பித் தட்டில் பத்து நிமிடம் வடியவிட்டு, சூடாக்கி வடிகட்டிய ஆப்ரிகாட் ஜாமைத் தூரிகையால் மெல்லப் பூசினால் பளபளப்பும் வரும், ஈரமும் உள்ளேயே நிற்கும். பக்கத்தில் சர்க்கரை சேர்க்காமல் அடித்த கிரீம் வையுங்கள். ஏற்கெனவே இத்தனை இனிப்பு இருக்கும்போது கிரீமும் இனித்தால் நாக்கு சலித்துவிடும்.

ஊறிய பாபாவை ஃப்ரிட்ஜில் மூடி வைத்து அடுத்த நாள் சாப்பிடலாம். ஊறாத, காய்ந்த பாபாக்களைக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம்வரை வைத்திருக்கலாம். விருந்தாளி வரும் நாளில் பாகை மட்டும் காய்ச்சினால் போதும், அரை மணி நேரத்தில் தட்டுக்கு வந்துவிடும்.